பிறக்காத பிள்ளைக்குப் பின்னிய சட்டை

உன் இரும்புச் சட்டியில் இன்று காலை என் நூலுக்குச் சாயம் காய்ச்சினேன். கடுக்காயை இடித்துப் போட்டுக் கொதிக்கவிட்டால் மற்ற பாத்திரங்களில் தண்ணீர் மஞ்சளாகத்தான் இறங்கும். இரும்பில் பட்டால் மட்டும் மையாகக் கறுத்துவிடும். அது கறுத்துக்கொண்டு வந்தபோது துருவும் துவர்ப்பும் கலந்த ஒரு வாடை எழுந்து சமையலறை முழுக்க நின்றது. தீபாவளிக்கு அதிரசம் சுடுவதற்கென்றே நீ துணி சுற்றிப் பரண்மேல் வைத்திருந்த சட்டி அது. பொட்டுத் தண்ணீர் தங்கினாலும் பாழாகிவிடும் என்று எங்கள் யாரையும் கழுவக்கூட விடமாட்டாய். இனி அதில் யாரும் அதிரசம் சுட முடியாது. எனக்கு அதில் ஒரு திருப்தி இருக்கிறது, அம்மா. அதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை.

போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவதுதான் வழக்கம். களமருதூரில் உன்னைப் பற்றி நல்லதாகப் பேச ஒரு தெருவே இருக்கிறது. அவர்கள் பேசிக்கொள்ளட்டும். உனக்குத் தெரியாமலே போய்விட்ட ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அதற்கு முன்னால் நடந்ததை நான் பார்த்தபடி ஒருமுறை எழுதிவிடுகிறேன். ஊரில் உலவுவது நீ சொன்ன கதைதான்.

பின்னல் எனக்கு வந்தது பி.எட். படித்த காலத்தில். விடுதியில் என் அறையில் இருந்த ஊட்டிப் பெண் இரண்டு ஊசிகளைக் கொடுத்து உட்காரவைத்தாள். நூற்பதைப் பிறகு நானாகப் போனில் வீடியோ பார்த்துப் பழகினேன். ஒரு கம்பி, அதன் அடியில் ஒரு வட்டத் தகடு, அவ்வளவுதான் தக்ளி. பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கக் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தால் தலைக்குள் கரும்பலகையைத் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். தக்ளியைச் சுழற்றிவிட்டு, விரலுக்கிடையிலிருந்து பஞ்சு நூலாக நீண்டு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது அடங்கும். நான் எதையும் விற்கவில்லை, யாரிடமும் பேர் வாங்கவுமில்லை. சேகர் மட்டும், "உங்க டீச்சருங்கல்லாம் சீட்டு கட்றாங்க, சீரியல் பாக்கறாங்க. எம் பொண்டாட்டி பஞ்சோட பேசிக்கினு இருக்கறா" என்று சிரிப்பார்.

வளைகாப்பு முடிந்து முதல் பிரசவத்துக்கு உன்னிடம் வந்தேன். தக்ளியையும் ஊசிகளையும் பையில் பார்த்தவுடன் நீ கோபிக்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. நீ கோபிக்கவே இல்லை. அப்பா விற்காமல் வைத்திருந்த பருத்தி மூட்டையைப் பிரித்தவள் நீ. என் எதிரில் கால் நீட்டி உட்கார்ந்து கொட்டை நீக்கிக் கொடுத்தவளும் நீதான். பக்கத்து வீட்டுக்காரிகளைக் கூப்பிட்டு, "பாருங்கடி, எம் பொண்ணு கையாலயே நூல் நூக்கறா. பேரப்புள்ள கடச் சட்ட போடமாட்டான்" என்றாய். நிறம் சொன்னதும் நீதான். "மஞ்சளாப் போடு. ஆணுன்னாலும் ஆவும், பொண்ணுன்னாலும் ஆவும்."

மஞ்சள்தூளில் தோய்த்தால் இரண்டு வெயிலில் வெளுத்துவிடும் என்று நான் மாதுளம் தோலையும் படிகாரத்தையும் போட்டுக் காய்ச்சினேன். பின்பக்கக் கொடியில் நூல் காய்ந்ததை நீ போகும்போதும் வரும்போதும் தொட்டுப் பார்த்தாய். ஒரு கை அகலம்கூட இல்லாத சட்டை. கழுத்தைப் பின்னி முடித்த அன்று அதை உன் உள்ளங்கையில் விரித்துவைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் பார்த்தாய் என்பது உனக்கு நினைவிருக்கிறதா?

எனக்கு நினைவிருக்கிறது. அதனால்தான் பிறகு நீ சொன்னதை என்னால் விழுங்க முடியவில்லை.

ஆடி மாதம். மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாள். ஊரில் முதல் பானை நம் வீட்டுடையது. அந்தப் பெருமை உனக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். அப்பா கோயில் வேலையாக விடிந்ததுமே கிளம்பினார். போகும்போது வாசலில் நின்று உன்னிடம் சொன்னார்: "ஏழுமலைய வண்டியோட இங்கயே இருக்கச் சொல்லியிருக்கேன். புள்ளைக்கு எதுனான்னா என்னத் தேடிக்கினு இருக்காத. இட்டுக்கினு கெளம்பிடு." கீழத்தெரு ஏழுமலை வாடகைக் கார் ஓட்டுபவர். சொன்னபடி வந்து வேப்பமரத்தடியில் காரை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் உன்னிடம் வந்து, "அம்மா, எழுந்ததுலேர்ந்து புள்ள சரியா அசையல" என்றேன்.

"தூங்குதுடி. நீகூட வயித்துல இப்படித்தான் கம்முனு கெடப்ப."

கொஞ்ச நேரத்தில் இடுப்பில் வலி கிளம்பியது. நீ சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தாய். சூட்டு வலி என்றாய். பட்டுப்புடவையில் இருந்தாய், கூந்தலில் ஈரம் காயவில்லை. நான் முனகிய சத்தம் வாசலுக்குக் கேட்டிருக்க வேண்டும். ஏழுமலை படியேறி வந்து, "பெரிம்மா, பாப்பாவுக்கு வலி வந்துடுச்சா? வண்டிய எடுக்கட்டுமா?" என்று கேட்டார்.

நீ சொன்னதை உள்ளறையில் படுத்தபடி நான் கேட்டேன். "ஒண்ணுமில்லப்பா, சூட்டு வலி. நீ போய் கூழு குடிச்சிட்டு வூட்டப் பாரு. வேணும்னா ஆளனுப்பறேன்."

"போலாம்மா" என்றேன் நான். இரண்டு முறை சொன்னேன். நீ உள்ளே வந்து என் நெற்றியைத் துடைத்தாய். "இப்பவே ஓடுனா கத்திய எடுத்துடுவாங்கடி. நம்ம வூட்ல யாருக்காவது வயித்தக் கிழிச்சிருக்கா? மொதோ பானைய ஊத்திட்டு ஓடியாந்துடறேன். பொறுத்துக்க."

கார் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. அப்புறம் உடுக்கைச் சத்தமும் ஒலிபெருக்கியும். நீ திரும்பி வந்தபோது நான் தரையில் கிடந்தேன். ஏழுமலைக்கு ஆள் அனுப்பினாய். வீட்டுக்குப் போன மனிதர் வேறு சவாரி ஏற்றிக்கொண்டு திருநாவலூர் பக்கம் போயிருந்தார். கிடைத்தது ஒரு லோடு ஆட்டோ. அதில் என்னை ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அங்கிருந்த டாக்டரம்மா வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டார், இடம் மாற்றிக் கேட்டார், பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். ஆண் பிள்ளை. தலை நிறைய முடி. "தொப்புள்கொடி கழுத்துல சுத்தியிருந்தது. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்" என்று அவர் சொன்னபோது அங்கே நீயும் நானும் மட்டும்தான் இருந்தோம்.

சாயங்காலம் அப்பா வந்தார். கள்ளக்குறிச்சியிலிருந்து சேகரும் என் மாமியாரும் வந்தார்கள். "எப்ப வலி வந்துது?" என்று அப்பா கேட்டார். நான் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தேன். நீ அப்பாவுக்குப் பதில் சொல்லவில்லை. என் மாமியாரைப் பார்த்துத் திரும்பி மார்பில் அடித்துக்கொண்டாய்.

"நான் அப்பவே சொன்னேன் சம்பந்தி. பொறக்காத புள்ளைக்குச் சட்ட பின்னாதடின்னு தலபாடா அடிச்சிக்கினேன். கேட்டாளா? ராவும் பகலும் ஊசியும் நூலுமா உக்காந்துக்கினு முடிச்சு மேல முடிச்சாப் போட்டா. கொடி சுத்திக்கிச்சே!"

அம்மா, பின்னலில் முடிச்சே கிடையாது. ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணியை இழுத்துவிடுவதுதான் முழுச் சட்டையும். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் கடைசிவரை தடையில்லாமல் பிரிந்துவரும். அதை நீ எதிரில் உட்கார்ந்து பார்த்தவள். பிடிக்காத வரிசைகளை நான் பிரித்தபோது, "எவ்ளோ சுளுவா வருது பாரு" என்று வியந்தவள். ஆனாலும் அந்தக் கட்டிலில் கிடந்தபோது நான் கணக்கு டீச்சராக இல்லை. நீ சொன்ன உடனே என் கை விரல்கள் மரத்துப்போயின. நான்தான் கொன்றேன் என்று நம்பினேன். முழுதாக நம்பவில்லை. நம்பாமலும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும், என் மாமியார் பார்க்கும்படி, அந்த மஞ்சள் சட்டையை வெந்நீர் அடுப்பில் போட்டாய். கையால் நூற்ற பருத்தி. ஒரு மூச்சில் எரிந்து போனது. என் மாமியார் கெட்டவர் இல்லை. நீ சொன்னதை நம்பினார், அவ்வளவுதான். "இனிமே அந்த ஊசிய என் வூட்டுக்குள்ள எடுத்தாராதம்மா" என்று அழுதுகொண்டேதான் சொன்னார். எடுத்துப் போகவில்லை. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று எங்கே போனாலும் கர்ப்பிணிகள் இருக்கும் இடத்தில் யாராவது ஒருத்தி என்னைக் காட்டி இன்னொருத்தியின் காதில் சொல்வாள். உன் சொல் எனக்கு முன்னால் போய் எல்லா வீட்டிலும் உட்கார்ந்திருந்தது.

சேகரிடம் ஏழுமலை விஷயத்தைச் சொன்னேன். "உங்க அப்பாகிட்ட போய்க் கேக்கட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். நீயே சொல்வாய் என்று நினைத்தேன். பொங்கலுக்கு வரும்போது சொல்வாய், அடுத்த ஆடிக்குச் சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ முறுக்கும் பூவும் கொண்டுவந்தாய்.

மறுபடி நூற்க வைத்தது சேகர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் என்னைக் கல்வராயன்மலைக்கு அழைத்துப் போனார். வெள்ளிமலையில் ஒரு பெண் சாக்கை விரித்துக் கடுக்காய் விற்றுக்கொண்டிருந்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றதை அவர் பார்த்தார். ஒரு பை நிறைய வாங்கி என் கையில் கொடுத்தார். "எனக்கு எதுக்கு இது" என்று நான் விழித்தபோது சொன்னார்: "நூலா புள்ளயக் கொன்னுது? எனக்கு அந்தக் கணக்கு புரியல. நீ கணக்கு டீச்சர்தான, எனக்குப் புரியற மாதிரி போட்டுக் காட்டு." மலைப்பாதையின் வளைவுகளில் இறங்கும்போது அவர் முதுகில் முகத்தை வைத்து அழுதேன். அந்த வாரமே புதிதாக ஒரு தக்ளி வாங்கினேன். மாமியாரிடம் சேகர் என்ன சொன்னார் என்று தெரியாது. அவர் என் அறைக்குள் வருவதை நிறுத்திக்கொண்டார், ஆனால் தடுக்கவில்லை.

இரண்டாவது தடவை நான் உன்னிடம் வரவில்லை. கள்ளக்குறிச்சியிலேயே இருந்தேன். வாசல்படியில், தெருவே பார்க்கும்படி உட்கார்ந்து நூற்றேன், தோய்த்தேன், பின்னினேன். தைரியத்தில் செய்ததில்லை. உன்மேல் இருந்த வெறுப்பில் செய்தது. ஒவ்வொரு வரிசையும் உனக்கான பதில் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பின்னினேன். பிள்ளை கொஞ்சம் அசையாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நர்சுகள் என்னைப் பார்த்தாலே சிரிப்பார்கள். பெண் குழந்தை, சுகமாகப் பிறந்தது. நீ வந்து அவளைத் தூக்கிக்கொண்டு, "நான் மாரியாத்தாவுக்கு வேண்டிக்கினேன், வீண் போவல" என்றாய். அவள் அப்போது நான் பின்னிய சட்டையைத்தான் போட்டிருந்தாள். அதை நீ தொடவில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். ஏழுமலை நம் தெருவில் வந்தால் நீ உள்ளே போய்விடுவாய். விசேஷத்துக்குப் போக அப்பா அவர் காரைச் சொன்னால், "பஸ்லயே போலாம், கார்ல எனக்கு வாந்தி வரும்" என்பாய். அத்தனை வருடங்களும்.

உன் சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு அலையவேண்டி வந்தபோது, கள்ளக்குறிச்சியில் என் வீட்டில்தான் இருந்தாய். நான் உன்னைக் குளிப்பாட்டினேன், உப்பில்லாமல் சமைத்துப் போட்டேன். அன்பினால் என்று நீ எண்ணியிருந்தால் எண்ணிக்கொள். ஒரு மத்தியானம் நீ படுத்திருக்க, உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நூற்றுக்கொண்டிருந்தேன். வீட்டில் வேறு யாருமில்லை. கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு ஏழுமலைய நீதான திருப்பி அனுப்புன?"

நீ சுவர்ப்பக்கம் பார்த்தாய். "இன்னும் அதையே புடிச்சிக்கினு இருக்கியா?"

"ஆமா."

சேலைத் தலைப்பால் உதட்டைத் துடைத்துக்கொண்டாய். பிறகு சாதாரணமாக, காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னாய். "உங்க அப்பா வண்டி வெச்சிட்டுப் போயிருந்தாரு. அத நான் அனுப்பிட்டேன்னு தெரிஞ்சா என்ன வெட்டியே போட்டிருப்பாரு. ஒம்மேல போட்டா, ஒன் வூட்டுக்காரன் கொஞ்ச நாளைக்கு மூஞ்சத் தூக்கிக்கினு இருப்பான், அப்பறம் சேத்துக்குவான். வயசு இருக்கு, இன்னொண்ணு பொறக்கும். எம்மேல போட்டா நான் எங்க போறது?"

"நான் எங்க போவேன்னு நெனச்சுப் பாத்தியா?"

"நீ படிச்சவ. தாங்கிக்குவ."

தக்ளி தரையில் விழுந்து நூல் அறுந்தது. நீ என் பக்கம் திரும்பி முதன்முறையாகக் கெஞ்சினாய். மன்னிப்பு கேட்டுக் கெஞ்சவில்லை. "அவர்கிட்ட சொல்லிடாதடி. நான் செத்தப்பறமும் சொல்லாத." நான் தலையாட்டவில்லை. விலகியிருந்த போர்வையை உன் காலில் இழுத்துவிட்டு எழுந்துபோனேன். நீ பயந்தவள் என்று அன்று புரிந்தது. புரிந்த பிறகு வெறுப்பு குறையும் என்பார்கள். எனக்குக் கூடியது. நீ அழுத்தம் தாங்காமல் வாய்தவறிச் சொன்னதாக அதுவரை நினைத்திருந்தேன். நீ நிறுத்துப் பார்த்து என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறாய்.

உன் கருமாதியன்று வீடு நிறைய உறவு. சித்தப்பா மருமகள் ரம்யாவுக்கு ஐந்தாம் மாதம். என் மகள் போட்டிருந்த மேல்சட்டையைத் தடவிப் பார்த்து, "நீங்களே பின்னுனதாக்கா? எம் புள்ளைக்கும் ஒண்ணு பின்னிக் குடுங்க" என்றாள். காய் நறுக்கிக்கொண்டிருந்த சின்னம்மா, உன் கூடப்பிறந்த தங்கை, அரிவாள்மணையை விட்டு எழுந்தே வந்துவிட்டாள்.

"வாயக் கழுவு! இவ பின்னித்தான் மொதோ புள்ளய வாரிக் குடுத்தா. பெத்தவ தலபாடா அடிச்சிக்கினா, கேக்கல. பாவம், அந்த நெனப்புலயே போய்ச் சேந்தா எங்கக்கா."

அந்தக் கடைசி வாக்கியம்தான், அம்மா. அதுமட்டும் இல்லாவிட்டால் அன்றும் பேசாமல் இருந்திருப்பேன்.

"சின்னம்மா, பருத்தி எடுத்துக் குடுத்தது எங்கம்மா. மஞ்சளாப் போடுன்னு சொன்னது எங்கம்மா. புள்ள அசையலன்னு சொன்னேன், வலிக்குதுன்னு சொன்னேன். வாசல்ல நின்ன காரத் திருப்பி அனுப்பிட்டுக் கூழு ஊத்தப் போனதும் எங்கம்மாதான். சட்ட பின்னி யாரும் சாவல. ரம்யா, நல்லாக் கேட்டுக்க. அசைவு கம்மியானா யாரையும் கேட்டுக்கினு இருக்காத. கெளம்பிடு."

 சின்னம்மா திரும்பிப் பார்த்த திசையில் நானும் பார்த்தேன். கூடத்து வாசற்படியில், மொட்டையடித்த தலையில் துண்டு போட்டுக்கொண்டு அப்பா நின்றிருந்தார். நீ எவ்வளவோ பயந்த நேரம் அது. நீ இல்லாதபோது வந்தது. அவர் கத்தவில்லை. மோட்டார் கொட்டகைப் பக்கம் வா என்று கையைக் காட்டிவிட்டு நடந்தார். நான் பின்னால் போனேன். கரும்பு வரப்பில் உட்கார்ந்தவர் ரொம்ப நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்மா" என்றார்.

"இன்னா தெரியும்?"

"ஏழுமலை அன்னைக்கு ராத்திரியே வந்து சொல்லிட்டான். காலப் புடிச்சிக்கினு அழுதான்."

 "அப்பறம் ஏம்ப்பா..."

"புள்ள போயிடுச்சு. கேட்டா அவளையும் தொரத்தணும். நீ உன் வூட்டுக்குப் போயிட்ட. நான் இவகூடத்தான குடும்பம் நடத்தணும்?"

"எம்மேல பழி போட்டப்ப கேட்டுக்கினுதான இருந்தீங்க?"

"கேட்டுக்கினுதான் இருந்தேன்." அவர் என்னைப் பார்க்கவில்லை. "எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது. ஏழுமலையப் பாத்தா உள்ள ஓடுவா. நானும் வேணும்னே அவனயே கூப்புடுவேன், கார் சொல்றேன்னு சொல்லுவேன். மூஞ்சி வெளுத்துப் போவும். அந்தத் தண்டன போதும்னு வுட்டுட்டேன்."

இதுதான் நான் உனக்குச் சொல்ல வந்தது. நீ யாரிடமிருந்து மறைத்தாயோ அவர் முதல் நாளிலிருந்தே அறிந்திருந்தார். நீ பஸ்ஸில் போன ஒவ்வொரு பயணத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். உன் பொய்யால் உனக்கு ஒரு பலனும் இல்லை. அவர் உன்னை வெட்டவும் இல்லை, துரத்தவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். நீங்கள் இரண்டு பேரும் ஒரு வீட்டுக்குள் விளையாடிய விளையாட்டுக்கு நான் வெளியே நின்று விலை கொடுத்தேன். உனக்கு இதைக் கேட்டு வலிக்குமானால் வலிக்கட்டும். அப்பாவோடு நான் இப்போது போனில் மாத்திரை சாப்பிட்டீர்களா என்பதற்குமேல் பேசுவதில்லை.

அன்று கிளம்பும்போது ரம்யா பஸ் நிறுத்தம்வரை வந்தாள். "உங்க சின்னம்மாவுக்குப் பயந்துக்கினு கேக்காம வுடமாட்டேன்க்கா. பொறக்கறதுக்கு முன்னாடியே வேணும். நீலக் கலர்" என்றாள். அவுரி வாங்கி நொதிக்கவைத்து, நாற்றத்தில் தெருவே மூக்கைப் பொத்த, நூலை முக்கி முக்கி எடுத்து அவள் கேட்ட நீலத்தைக் கொண்டுவந்தேன். நேற்று சாயங்காலம் முதல் வரிசைக் கண்ணிகளை ஊசியில் ஏற்றினேன். ஏற்றியதும் கை நின்றுவிட்டது.

பொய் என்று உன் வாயாலேயே கேட்டவள் நான். ஊர் அறியச் சொல்லியும் ஆகிவிட்டது. ஆனாலும் சின்னச் சட்டைக்கென்று ஊசியைப் பிடிக்கிற ஒவ்வொரு முறையும் அடிவயிற்றில் ஒரு குளிர் ஏறுகிறது. என் மகளுக்குப் பின்னியபோதும் ஏறியது, வீம்பில் அதை மிதித்துக்கொண்டு போனேன். இப்போது வீம்பு காட்ட நீயும் இல்லை. உன் வளையல்களைச் சின்னம்மா எடுத்துக்கொண்டாள். எனக்கென்று நீ விட்டுப்போனது இந்தக் குளிர்.

ரம்யாவுக்குப் போன் போட்டேன். "புள்ள அசையுதா?"

"நேத்தும் இதத்தான கேட்டீங்க? ஒதச்சிக்கினேதான் இருக்குது. போன வெச்சிட்டுப் பின்னுங்கக்கா" என்றாள்.

இரண்டாவது வரிசையைப் பின்னினேன். மூன்றாவதையும். குளிர் போகவில்லை. அது இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டே பின்னுகிறேன்.